மகள் சுடாமல் விட்டுப்போன பானை

எனக்கு ஒரே மகள். சுவிஸில், நொஷாட்டலில் பிறந்து, நொஷாட்டலில் படித்து, இருபத்து நான்கு வயதில் லோசான் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் பானை செய்தாள். இதை இப்படி வெளிப்படையாகச் சொல்லும் தைரியம் அவள் போன பிறகுதான் எனக்கு வந்தது. உயிரோடு இருந்தபோது யாராவது கேட்டால், "நேர்ஸுக்குப் படிக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பயிற்சிக்கு ஒன்றரை வருடம் போனாள்தான். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அதை விட்டுவிட்டதாகவும் வேறொரு ஊரில் மட்பாண்டப் பள்ளியில் இடம் கிடைத்திருப்பதாகவும் சொன்னாள். அவளுடைய அப்பா கைக்கடிகாரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொதி கட்டுபவர். அதிகம் கதைக்க மாட்டார். "உன்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நான்தான் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் நான் வேலை செய்யும் இடம். இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் பல வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். அவளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும்போது, பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலை என்னோடு வேலைக்கு வந்தாள். கதவு திறப்பதற்கு முன் நான் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டு போக, அவள் ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே அமெரிக்காவிலிருந்து வந்த பானைகள் இருந்தன. நியூ மெக்சிகோப் பக்கத்தில் புவெப்லோ என்று அழைக்கப்படும் பூர்வகுடி மக்கள் செய்தவை. வெள்ளைப் பானை, கறுப்புக் கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் ஆயிரம் வருடப் பழசு போலிருக்கும்.

"அம்மா, இஞ்சை வந்து பாருங்கோ. பானையிலை சட்டலைட் டிஷ் கீறியிருக்கினம்."

"துடைச்ச கண்ணாடியிலை கை வைக்காதை பிள்ளை."

"பிக்கப் வாகனமும் நிக்குது. கரண்ட் கம்பியும் இருக்கு. மேலை பாருங்கோ, படிக்கட்டு மாதிரி இருக்கிறது மேகமாம். எழுதியிருக்கு. இதைச் செய்த மனிசி இப்பவும் உயிரோடை இருக்கிறாவாம் அம்மா!"

நான் போய்ப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு மண்டபம் மிச்சம் இருந்தது.

மட்பாண்டப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு அவளும் அப்படியே செய்யப் பார்த்தாள். மண்ணைக் கயிறுபோல் உருட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வளைத்து வைத்து, சக்கரம் இல்லாமல் கையாலேயே எழுப்புவாள். வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவாள். கழுத்தைச் சுற்றிப் படிக்கட்டு மேகம். அதன் கீழே எங்கள் வாழ்க்கை: ரயில், கோயில் தேர், மிக்ரோவேவ், அப்பாவின் சாப்பாட்டுப் பை. எனக்கு அது ஒன்றும் பிடிக்கவில்லை என்பதைவிட, அதை எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

ஓல்டனில் என்னுடைய ஒன்றுவிட்ட தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வந்தது. மண்டபம் பிடித்து, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. மகள் தான் செய்த ஒரு பானையைப் பரிசாகக் கொண்டு வந்தாள். பரிசு மேசையில் அதைப் பொதி பிரித்தே வைத்தாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். சேலை கட்டிய சிறுபெண் நடுவில். ஆலாத்தி எடுக்கும் பெண்கள் இரண்டு பக்கமும். ஒருத்தி கைபேசியால் படம் பிடிக்கிறாள். அந்த ஊர்வலம் பானையைச் சுற்றிப் போய், கடைசியில் ஒரு பெண்ணில் முடிந்தது. அவளும் பட்டுச்சேலைதான். ஆனால் கையில் தரை துடைக்கும் தடி, பக்கத்தில் வாளி வைத்த தள்ளுவண்டி.

அது நான்.

அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் துப்புரவு வேலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகிறவர்கள்தான். ஆனால் பட்டு உடுத்து நகை போட்டு நிற்கும் இடத்தில் யாரும் அதைக் கதைக்க மாட்டோம். ஒருவரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் பானையை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஓல்டன் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்றோம். அவளுடைய அப்பா தண்ணீர் வாங்கப் போயிருந்தார்.

"அம்மா, பைக்குள்ளை என்ன?"

"ஒண்டுமில்லை."

அவள் பையின் வாயைத் திறந்து பார்த்தாள்.  "உங்களுக்கு வெக்கமோ?" என்றாள்.

"என்னைத் துடைக்கிற தடியோடை கீறி, சனத்துக்கு முன்னாலை வைக்கிறியே. உனக்கு வெக்கமில்லையோ?"

"அதிலை என்ன வெக்கம்? நீங்கள் அந்தத் தடியாலைதானே என்னை வளத்தனீங்கள்."

பையைத் தூக்கி, சீமெந்துத் தரையில் ஓங்கி வைத்தேன். கை தவறிவிட்டது என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன். கணவருக்கும் அப்படித்தான் சொன்னேன். கை தவறவில்லை. உள்ளே அது உடையும் சத்தம் கேட்டது, பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். மகள் குந்தியிருந்து பையைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. ரயில் வந்ததும் வேறு பெட்டியில் ஏறினாள்.

அடுத்த மாதம் லோசானுக்குப் போய் இரண்டு தோழிகளோடு வீடு எடுத்தாள். கிழமையில் சில நாள் ஒரு துணிக்கடையில் வேலை, மிச்ச நாள் பள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிடுவாள். சிரிப்பாள், என் தலைக்குச் சாயம் பூசி விடுவாள், அப்பாவோடு கிரிக்கெட் பார்ப்பாள். அந்தப் பானையைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. எத்தனையோ ஞாயிறு வந்து போனது. கதைக்க நாளிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையில் தலையிடி என்று சொல்லி உட்கார்ந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. மூன்று நாள் இயந்திரத்தோடு கிடந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது பார்த்தேன், நகங்களுக்குள் காய்ந்த மண் இருந்தது. ஒரு தாதி வந்து, துப்புரவாக்கி விடவா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். அந்த மண்ணோடுதான் அவள் போனாள்.

தோழிகள் அவளுடைய சாமான்களை ஐந்து பெட்டிகளில் கொண்டுவந்து தந்தார்கள். கணவர் அவற்றைக் கட்டடத்தின் அடியில் எங்களுக்கென்று இருக்கும் நிலவறைக்குள் அடுக்கிப் பூட்டினார். திறப்பை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழிந்து, அருங்காட்சியகத்தில் மறுபடியும் புவெப்லோப் பானைகள் வந்தன. இந்த முறை ஒரு பெட்டி மட்டும் இல்லை. அந்தக் கண்ணாடிக்குள் மகள் பார்த்த பானையைச் செய்த அதே பெண்ணின் கண்காட்சி. அவரும் இரண்டு கிழமைக்கு வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஜீன்ஸ், ஓடுகிற சப்பாத்து, காதில் நீலக்கல். அருங்காட்சியகத்தில் உள்ளவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. நான் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவள் என்பதால் எனக்கு ஓடும். பெட்டிகள் பிரிக்கும்போது குப்பை அள்ளப் போன என்னோடு அவர் தானாகவே கதைக்கத் தொடங்கினார்.

ஒவ்வொரு பானையாகக் காட்டினார். ஒன்றில் பெற்றோல் நிலையம். ஒன்றில் கைபேசிக் கோபுரம், அதைச் சுற்றி மழைமேகம். இன்னொன்றில் சிறுநீரக இயந்திரத்தோடு படுத்திருக்கும் ஒரு பெண். "என் அம்மா. கிழமைக்கு மூன்று நாள் அந்தக் கதிரையில். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒருவர் இப்படி இருக்கிறார். இதைக் கீறாமல் வேறு எதைக் கீறுவது? வந்து பார்ப்பவர்கள் மான் இல்லையா, பறவை இல்லையா என்று கேட்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு கைபேசியை எடுத்து, "இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை எனக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கண்காட்சிக்கு வருவாளா என்று தேடுகிறேன். நீங்கள் இங்கே இருப்பவர், தெரியுமா?" என்று ஒரு படத்தைக் காட்டினார்.

எனக்கு முதலில் தெரிந்தது பானை இல்லை. பானை வைத்திருந்த மேசையின் விரிப்பு. எலுமிச்சம்பழப் படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. எங்கள் குசினி மேசை.

"கடைசியாக நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன்" என்றார் அவர். "நீ கீறுகிற மேகம் உன்னுடையது இல்லை, என் அம்மா எனக்குத் தந்தது என்று எழுதினேன். உன்னிடம் மழை எப்படி வருகிறதோ அதைக் கீறு என்றேன். அதற்குப் பிறகு பதில் இல்லை. கோபித்துக்கொண்டாள் போல."

குப்பைப் பையைக் கீழே வைத்தேன். "அவள் என் மகள்" என்று சொன்னேன். அடுத்ததைச் சொல்ல எனக்கு நிறைய நேரம் எடுத்தது. அவர் கேட்டுவிட்டு, தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அந்தப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அந்தக் கடைசி மின்னஞ்சலைப் போட்ட திகதியைப் பார்த்தோம். அவள் விழுவதற்குப் பதினொரு நாள் முன்பு.

அந்தச் சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். பிறகு என் கணவர் எழுந்து, தன் குளிர்ச்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்தார். ஒரு வருடமாக அதை உடம்போடு கொண்டு திரிந்திருக்கிறார்.

நிலவறையில் ஐந்து பெட்டிகளையும் திறந்தோம். நான்கில் உடுப்பும் புத்தகமும் பழைய பானைகளும். ஐந்தாவதில், அவளுடைய ஒரு கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, ஒரேயொரு பானை. அது இன்னும் சுடாத பானை. பச்சை மண் காய்ந்தபடியே இருந்தது.

அதில் மேகம் இல்லை. வாயிலிருந்து தோள் வரைக்கும் சாய்ந்த மெல்லிய கோடுகள். சில கோடுகள் இடையில் அறுந்து, பக்கத்துக் கோட்டோடு சேர்ந்து, மறுபடியும் பிரிந்து ஓடின. ஓடுகிற ரயில் யன்னலில் மழைத்துளி எப்படி ஓடுமோ அப்படி. புவெப்லோப் பெண் கைவிளக்கைக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "கோபிக்கவில்லை. செய்திருக்கிறாள்" என்று சொன்னார். "இது அவளுடைய மழை."

மழைக்குக் கீழே யன்னல்கள். ஒவ்வொரு யன்னலிலும் ஒரு ஆள். சாப்பாட்டுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் ஒருவர். கைபேசி பார்க்கும் ஒரு பெண்பிள்ளை. கடைசி யன்னலில் சேலை உடுத்த ஒருத்தி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் மடியில் இருந்தன. கையில் ஒன்றும் இல்லை.

தடியை எடுத்துவிட்டிருந்தாள். எனக்காக எடுத்திருந்தாள். அதைப் பார்த்து நான் நின்றதன் காரணம் மற்ற இருவருக்கும் தெரியாது.

"சுடாத மண். ஒரு கோப்பைத் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்" என்றார் அவர். "பள்ளியில் மின்சூளை இருக்கும், அதில் சுடலாம். அதுதான் பாதுகாப்பு. அடுத்த கிழமை மலைப்பக்கம் ஒரு பண்ணையில் எங்கள் முறைப்படி வறட்டியில் சுட்டுக் காட்டப் போகிறேன். ஆனால் திறந்த நெருப்பு ஆளைப் பார்ப்பதில்லை. என்னுடையதே எத்தனையோ வெடித்திருக்கிறது."

"கரண்ட் அடுப்பிலையே வைப்பம்" என்றார் என் கணவர். "ஒண்டுதான் கிடக்கு."

நான்தான் மறித்தேன். அவள் எழுதிய மின்னஞ்சல்களை அவர் எனக்கு வாசிக்கத் தந்திருந்தார். 'ஒருநாள் உங்கள் நெருப்பில் என்னுடைய பானை ஒன்றை வைக்க வேண்டும்' என்று ஒன்றில் எழுதியிருந்தாள். "அவ ஆசைப்பட்டது நெருப்பு. ஒருக்காலாவது அவ விரும்பின மாதிரி நடக்கட்டும்" என்றேன். கணவர் என்னைப் பார்த்தார், பிறகு சரி என்றார்.

பண்ணைக்காரர் மாட்டுச்சாணத்தைத் தட்டையாகக் காயவைத்துச் சாக்குகளில் கட்டி வைத்திருந்தார். ஊர்ச்சபையான கொம்யூனிலிருந்து ஒரு தீயணைப்புக்காரர் நெருப்பணைக்கும் குழாயோடு வந்து, வாங்கில் உட்கார்ந்து கோப்பி குடித்தார். அந்தப் பெண் பானைகளை முதலில் பண்ணைக்காரரின் சமையலறையில் இருந்த 'அவன்' அடுப்பில் மெதுவாகச் சூடாக்கினார். "எங்கள் ஊரிலும் இப்படித்தான். பீற்சா போடுகிற அதே அடுப்பு" என்றார். பிறகு இரும்புக் கம்பித் தட்டின்மேல் அவருடைய மூன்று பானைகளையும் எங்களுடையதையும் கவிழ்த்து வைத்தார். சுற்றிலும் தகரம், அதன்மேல் வறட்டி. தன் ஊரில் என்றால் பழைய கார் இலக்கத் தகடுகளால் மூடுவாராம். பற்றவைக்க முன், தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை. நானும் எனக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

புகை நேராக மேலே போனது. அந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபது நிமிடம் போயிருக்கும். உள்ளே, பொத்திப் பிடித்த கைதட்டல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

ஆறும்வரை யாரும் கிட்டப் போகக்கூடாது. அந்த நேரம் முழுவதும் நாங்கள் மூவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். தகரத்தை விலக்கியபோது அவருடைய மூன்றும் முழுதாக இருந்தன. எங்களுடையது பத்துப் பன்னிரண்டு துண்டு. என் கணவர் குந்தியிருந்து சாம்பலுக்குள் வெறுங்கையை விட்டுத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். "சுடும், விடுங்கோ, விடுங்கோ" என்று நான் கத்தினேன். அவர் விடவில்லை. விரல்கள் கொப்பளித்துவிட்டன.

"என் பிழை" என்றார் அந்தப் பெண். அழுதுகொண்டிருந்தார். "நிலவறையின் ஈரம் மண்ணில் இருந்திருக்கும். இன்னும் இரண்டு நாள் காயவைத்திருக்க வேண்டும்."

"உங்கடை பிழை இல்லை" என்று நான் தமிழில் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, அந்தப் புல்லில் உட்கார்ந்து, ஓல்டனில் என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொன்னேன். பரிசு மேசை, பை, சீமெந்துத் தரை, கை தவறவில்லை என்பது வரைக்கும். அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அந்தப் பெண் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மன்னித்திருப்பாள் என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். "என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது" என்றார். அது என்னவென்று சொல்லவில்லை.

கிளம்பும்போதுதான் கேட்டார். அவர்களுடைய ஊரில் உடைந்த பானையை எறிவதில்லையாம். உடைந்த ஓடுகளை அரைத்துத் தூளாக்கிப் புதிய மண்ணில் கலப்பார்களாம். பழைய ஓடு கலந்தால் புது மண் நெருப்பைத் தாங்குமாம். "தருவீர்களா?"

"இல்லை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறுபடி கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது கணவர் பானைத் துண்டுகள் கட்டியிருந்த லேஞ்சித் துணியை மடியில் வைத்திருந்தார். ஓல்டனைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இறங்குவதற்கு முந்தின தரிப்பிடத்தில், "நான் தண்ணி வாங்கப் போகாமல் விட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, வேலையால் வந்து பார்க்கிறேன், எலுமிச்சம்பழ விரிப்பின்மேல் துண்டுகளைப் பரப்பி வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். யன்னலும் ஆட்களும் உள்ளவை ஒரு பக்கம். மழை மட்டும் உள்ளவை ஒரு பக்கம்.

"இஞ்சேர், மழையை அனுப்புவம்" என்றார். "ஆக்களை நாங்கள் வைச்சிருப்பம்."

நான் மறுக்கவில்லை. பழைய துவாயில் சுற்றி, அவரே தபாலில் போட்டார்.

பங்குனியில் ஒரு படமும் கடிதமும் வந்தன. உங்கள் மகளின் ஓடு கலந்த மண்ணில் மூன்று கிண்ணம் செய்தேன், இரண்டு வெடித்துவிட்டன, ஒன்று உடையாமல் நின்றது என்று எழுதியிருந்தார். படத்தில் ஒரு சிறிய வெள்ளைக் கிண்ணம். ஒரு கோடும் இல்லை. 'கீறிவிட்டு இன்னொரு தடவை சுட வேண்டும், ஆனால் இதில் எதைக் கீறுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என்ன கீறியிருப்பாள்? சொல்லுங்கள்.'

நானும் கணவரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பிள்ளை என்ன கீறுவா எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று அவர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவள் எந்தக் கறிக்கு உப்புக் கூட என்பாள் என்று தெரியும். எந்தக் காலில் செருப்பு முதலில் தேயும் என்று தெரியும். இதை மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. நிலவறையிலிருந்து அவளுடைய கொப்பிகளை மேலே கொண்டுவந்தேன். எல்லாம் பிரெஞ்சில், அவளுக்கு மட்டும் விளங்கும் கிறுக்கல் எழுத்தில். வேலையால் வந்து ஒருநாளைக்கு ஒரு பக்கம், அகராதியோடு வாசிக்கிறேன். பாதிப் பக்கங்களில் மண்ணின் நிறை, தண்ணீரின் அளவு, பல்லு டொக்டரின் நேரம். ஒரு பக்கத்தில், அம்மாவுக்குத் தலைச்சாயம் வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அதற்கு மேலே வாசிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் எழுதினேன். அவசரமில்லை, பொறுக்கிறேன் என்று பதில் வந்தது. இப்போது ஐப்பசி. என்ன கீறுவது என்று நான் இன்னும் எழுதி அனுப்பவில்லை.